அய்யோ அக்கா

கம்பெனிக்குள் அவர் வருவதற்கு முன்னால் அவர் சத்தம் வந்துவிடும்.

"அய்யோ, இந்த முட்டி என்னக் கொல்லுதே. வாட்ச்மேனு, இந்தப் படிய எவன் கட்டுனான்? அவனக் கூட்டிக்கிட்டு வா. என் முட்டிய அவனுக்கு மாட்டி ஏறச் சொல்லுவோம்."

வாட்ச்மேன் பதில் சொல்ல மாட்டார். சொன்னால் இடுப்பு வலியும் வரும், பல் வலியும் வரும். கேட்டிலிருந்து நாங்கள் வேலை செய்யும் கொட்டகைக்கு வந்து சேர்வதற்குள் உடம்பில் பாதி உறுப்புகளைப் பற்றிப் புகார் சொல்லி முடித்திருப்பார். கம்பெனியில் எல்லாரும் அவரை 'அய்யோ அக்கா' என்றுதான் கூப்பிட்டோம். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டோம். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "ஆமா, வலிச்சா அய்யோன்னுதான் சொல்லுவாங்க. வேற என்னா, வாழ்த்துப்பா பாடுவாங்களா?" என்பார்.

விருத்தாசலத்தில் இருக்கும் பீங்கான் கம்பெனிகளில் எங்களுடையது சின்னது. கரண்டு ப்யூஸுக்கான பீங்கான் கட்டைகள் செய்தோம். அச்சிலிருந்து ஈரமாக வரும் கட்டைகளில் ஓரத்துப் பிசிறை வழித்து, ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்குவது பெண்களின் வேலை. நாள் முழுக்கக் குந்தியே இருக்க வேண்டும். சாயங்காலம் எழுந்தால் இடுப்பு நிமிராது. யாரும் வாயைத் திறக்கவில்லை. இவர் திறந்தார். சூப்பர்வைசர் எரிச்சலோடு கேட்டார்:

"உனக்கு மட்டும் எப்பப் பாரு எங்கயாச்சும் வலிக்குது. மத்தவங்கல்லாம் மனுஷங்க இல்லியா?"

"வலி எல்லாருக்கும் இருக்குது சார். வாயி எனக்கு மட்டும் இருக்குது."

கொஞ்ச நாளில் மர முக்காலிகள் வந்தன. அவரைப் பார்த்துச் சிரித்த எங்கள் அத்தனை பேருடைய பின்பக்கமும் அந்த முக்காலியில்தான் உட்கார்ந்தது. நன்றி என்று ஒருத்தியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அவர்கள் பொறுத்துக்கொள்கிற சுமையைப் பக்கத்தில் இருப்பவர்தான் தூக்க வேண்டியிருக்கும். எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. கல்யாணம் செய்துகொண்டு தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை அக்காவோடு ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு டவுன் பஸ்ஸில் போனேன். இருந்த ஒரே சீட்டில் கம்பி ஒன்று பிய்த்துக்கொண்டு வெளியே நின்றது. உட்கார்ந்த நொடியில் எழுந்து, "கண்டக்டரே, இது சீட்டா, சூலமா?" என்றார்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா, எல்லாரும் உக்காந்துதான வராங்க."

"எல்லாரும் உக்காந்து வந்தாங்கன்னா எல்லாருக்கும் குத்துதுன்னு அர்த்தம். இதோ இந்தப் பெரியவரக் கேளுங்க. ஐயா, நீங்க இதுல உக்காந்திருக்கீங்களா?"

முன் சீட்டில் இருந்த பெரியவர் தயங்கித் தயங்கி, தன் வேட்டியில் கிழிந்த இடத்தைக் காட்டினார். அதைப் பார்த்து இன்னொரு பெண் தன் புடவை கிழிந்த கதையைச் சொன்னாள். பஸ் ஊர் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கம்பியைப் பற்றி ஒரு கூட்டமே பேசிக்கொண்டிருந்தது. கண்டக்டர் கடைசியில் ஒரு சாக்கை மடித்துக் கம்பி மேல் போட்டுவிட்டு, "போதுமா தாயே?" என்றார். "இத மொதல்லயே போட்டிருந்தா அந்தப் பெரியவரு வேட்டி பொழைச்சிருக்கும்" என்றார் அக்கா.

எப்போதும் இப்படிச் சிரிப்பாக முடியாது. சூளையிலிருந்து வந்த சூடான தட்டைத் தொட்டு ஒரு பெண் கையைச் சுட்டுக்கொண்டாள். புதிதாகச் சேர்ந்தவள். வேலை போய்விடும் என்று துப்பட்டாவில் கையைச் சுற்றி மறைத்துக்கொண்டு பிசிறு வழித்துக்கொண்டிருந்தாள். அக்கா அந்தக் கையைப் பிடித்து இழுத்து, துப்பட்டாவை அவிழ்த்து, முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அப்படியே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். கை ஆறிவிட்டது, வேலையும் போகவில்லை. ஆனால் அந்தப் பெண் புண்ணுக்கு அழுததைவிட வெட்கத்துக்கு அதிகம் அழுதாள். அதன் பிறகு அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. "இவ்ளோ சத்தம் போட்டிருக்க வேணாம்க்கா" என்றேன். "மெல்லமா சொன்னா யாரு கேக்கறா?" என்றார். எனக்கு அப்போது அவர்மேல் கோபம்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். வடக்கே மலைப்பாதையில் லாரி சரிந்தது. பின்னால் ரேஷன் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தவர் மூட்டைகளோடு சேர்ந்து உருண்டார். முதுகெலும்பில் அடி. சில மாதம் ஆஸ்பத்திரி, அப்புறம் உட்கார்ந்து செய்கிற வேலை, அப்புறம் தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்புவதற்கு முன்னால் டாக்டர்கள் மூன்று பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்குப் போர்டு என்று பெயர். உடம்பு எத்தனை சதவீதம் கெட்டிருக்கிறது, அது பட்டாள வேலையால் கெட்டதா என்று அவர்கள்தான் எழுத வேண்டும். இருபது சதவீதத்துக்குக் கீழே எழுதினால் ஊனப் பென்ஷன் கிடையாது. இவருக்குக் கீழேதான் எழுதினார்கள்.

நிமிர்ந்து படுக்க முடியாத மனிதர். இடது கால் பாதி நேரம் மரத்துக் கிடக்கும். தரையில் விழுந்த சீப்பை எடுக்க முடியாது. எங்கள் பையன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் தூக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இவருக்குப் பென்ஷன் கிடையாதாம். முதல் மேல்முறையீடு போட்டோம். சென்னையில் இருந்த பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி இன்னொரு போர்டு வைத்தார்கள். கூடப் போனேன். உள்ளே போனவர் சீக்கிரமே வந்துவிட்டார். வெளியே வந்ததும் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தவரை ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டது.

கொஞ்ச மாதம் கழித்துப் பதில் வந்தது. மேல்முறையீடு தள்ளுபடி. காரணம் எழுதியிருந்தார்கள். மனுதாரர் எந்த உபாதையும் இருப்பதாகத் தெரிவிக்கவில்லை, குனியச் சொன்னபோது தடையில்லாமல் குனிந்தார்.

"குனிஞ்சியா?" என்று கேட்டேன்.

"குனியச் சொன்னாரு."

"வலிக்குதுன்னு சொன்னியா?"

"கர்னலு கேட்டாரு. நோ ப்ராப்ளம் சார்னு சொன்னேன்."

"ஏன்யா?"

அவருக்கே தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பட்டாளத்தில் ஒரே ஒரு பதில்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதிகாரி முன்னால் குதிகாலைச் சேர்த்து நின்றால் அந்தப் பதில் தானாக வந்துவிடுகிறது. உடம்பு போனாலும் பழக்கம் போகவில்லை. அன்றைக்கு நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மறுநாள் கொட்டகையில் இதைச் சொல்லி அழுதேன். அக்கா கையில் இருந்த ஸ்பாஞ்சைத் தண்ணீரில் எறிந்தார்.

"இன்னொருத்தனா?" என்றார்.

அப்போதுதான் அவர் வீட்டுக்காரரும் பட்டாளத்தில் இருந்தவர் என்று எனக்குத் தெரிந்தது. லீவில் கருவேப்பிலங்குறிச்சிக்கு வந்திருக்கிறார். பம்ப்செட்டில் குளித்துவிட்டு வரப்பில் நடந்து வந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. சாதாரணக் குடும்பப் பென்ஷன் அக்காவுக்கு வந்துகொண்டிருந்தது. அவர் கேட்டது வேறு. பட்டாள வேலையால்தான் செத்தார் என்று ஒத்துக்கொண்டு கொடுக்கிற பென்ஷன். இரண்டு மேல்முறையீடும் தோற்றன. இறந்தது லீவில் இருந்தபோது, நெஞ்சு வலி என்று அவர் ஒருநாளும் டாக்டரிடம் போனதாகப் பதிவு இல்லை, ஆகவே வேலைக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

துக்கம் கேட்க வந்த பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். லாரியில் மலை ஏறும்போது அக்கா வீட்டுக்காரர் வழியில் இறங்கி டயரில் நெஞ்சை அழுத்திக்கொண்டு நிற்பாராம். டாக்டரிடம் போ என்றால், "போனா காம்சோர்னு சொல்லுவானுங்க" என்பாராம். காம்சோர் என்றால் வேலைக்குக் கள்ளம் செய்பவன். பட்டாளத்தில் அதைவிடக் கெட்ட வார்த்தை இல்லையாம்.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ டாக்டராண்ட போயி நெஞ்சு வலிக்குதுன்னு அந்த மடையன் சொல்லியிருந்தா, ஆளும் இருந்திருப்பான். இல்லாட்டியும் நாயமாச்சும் இருந்திருக்கும்" என்றார் அக்கா.

பக்கத்தில் வேலை செய்த பெரியம்மா ஒருத்தி பதறிப்போய், "செத்தவரப் போயி இப்பிடித் திட்டலாமா?" என்றாள்.

"உசுரோட இருக்கும்போது திட்டறதுக்கு எனக்கு விஷயமே தெரியலியே."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மறுபடி ஸ்பாஞ்சை எடுத்துப் பிழிந்தார்.

இரண்டாவது மேல்முறையீடு போட்டோம். மனு எழுதியது கடலூரில் ஒரு வக்கீல். மனு சரியாகத்தான் இருந்தது. முதல் மனுவும் சரியாகத்தான் இருந்தது. மறுபடி போர்டு வைத்தால் இவர் மறுபடி நோ ப்ராப்ளம் என்று நிற்பார். அதுதான் பயம். அக்கா, "அந்தாள மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு இங்க கூட்டிக்கிட்டு வா" என்றார்.

வந்தார். வேப்பமரத்தடியில் முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சுற்றிலும் சோற்றுத் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு நாங்கள்.

"தம்பி, எங்க வலிக்குது?"

"முதுகுலதான் அக்கா. லேசா."

"லேசான்னா? கொசு கடிச்சாப்பலயா? தேளு கொட்டினாப்பலயா?"

"அது... அப்பப்ப இருக்கும்."

"அப்பப்பன்னா எப்பப்ப? எந்திரிக்கும்போதா, படுக்கும்போதா, பஸ்ஸு குலுங்கும்போதா?"

"எல்லாந்தான்."

"அப்ப எப்பவும்னு சொல்லு. ஏன் எப்பவும்ங்கறத அப்பப்பன்னு சொல்ற? அரசாங்கத்துக்கு மிச்சம் புடிச்சிக் குடுக்கிறியா?"

பெண்கள் சிரித்தார்கள். இவர் முகம் சிவந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே டீக்கடையில் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒரு ரிட்டயர் சுபேதார் இதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"என்னாம்மா இது? பட்டாளத்துக்காரன் பொம்பளைங்களுக்கு நடுவுல உக்காந்து மொனவறதா? யூனிபாரத்துக்கு ஒரு மரியாத வேணாமா?"

"சுபேதாரய்யா, போன வாரம் பல்லு வலின்னு கன்னத்தப் புடிச்சிக்கிட்டு நீங்க தெருத்தெருவா சுத்துனீங்களே, அப்ப யூனிபாரத்தக் கொடியில காயப்போட்டிருந்தீங்களா?"

சுபேதார் போய்விட்டார். அந்தச் சிரிப்பில் இவரும் கொஞ்சம் சிரித்தார்.

செய்தி பரவி வேறு சில பழைய பட்டாளத்துக்காரர்களும் வந்தார்கள். வேப்பூர் பக்கத்திலிருந்து ஒருத்தர், நல்ல திடமான ஆள், தோளைத் தூக்க முடியாத மாதிரி எப்படி நடிப்பது என்று கேட்டுக்கொண்டு வந்தார். பேசிக்கொண்டே அந்தக் கையால் தலைக்கு மேலே ஓடிய கிளையைப் பிடித்துத் தொங்கினார். அக்கா அவரை விரட்டிய வேகத்தில் செருப்பு ஒன்று எங்கள் கொட்டகையிலேயே தங்கிவிட்டது. "இல்லாதத சொல்லக் கூடாது. இருக்கறத முழுங்கக் கூடாது. ரெண்டும் திருட்டுதான்" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார்.

ஆனால் என் வீட்டுக்காரரிடம் ஒருநாள் அளவு மீறிவிட்டார். மூத்திரம் போக உட்கார்ந்தால் எழுந்திரிக்க யார் தூக்கிவிடுவது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இவர் தூக்கில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "சொல்லு தம்பி, போர்டுல கேப்பாங்க. பொண்டாட்டி தூக்கறாளா, சுவரு தூக்குதா?" இவர் மடியில் இருந்த சோற்றுத் தூக்கை எடுத்து வீசினார். சோறு மண்ணில் சிதறியது. காலை இழுத்துக்கொண்டு நடந்து கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். அதன் பிறகு வரவில்லை. வீட்டில் பேச்சும் நின்றுபோனது. என் மாமியார், "அந்த அய்யோக்காரிய இந்த வூட்டுப் பக்கம் சேக்காத" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அக்காவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் தன் தப்பை ஒத்துக்கொண்டார். "ஆமா, தப்புதான். எனக்கு எங்க நிறுத்தறதுன்னு தெரியாது" என்றார். அதோடு நிறுத்தினாரா? இல்லை. "ஆனா அவன் பதிலு சொல்லலியே" என்றார்.

இரண்டாவது மேல்முறையீட்டுக்கான போர்டுக்கு வரச் சொல்லிக் கடிதாசி வந்தது. இதுதான் கடைசி என்று வக்கீல் சொல்லிவிட்டார். இதற்கு மேல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அதற்கு எங்களிடம் தெம்பு இல்லை. அன்றைக்கு இவராகவே அக்கா வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அக்கா, எனக்கு அது வராது. அங்க போயி நின்னா வாயி தானா நோ ப்ராப்ளம்னு சொல்லுது. நான் என்னா செய்ய?"

அக்கா அவரை உட்காரச் சொன்னார். முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்து கேட்டேன்.

"சரி தம்பி. வராதுன்னா விடு. போர்டுக்கு எப்பிடிப் போவ? ஷூ போட்டுக்கிட்டா?"

"ஆமா. பாலிஷ் போட்டு வெச்சிருக்கேன்."

"நல்லது. போட்டுக்கிட்டு வா. நானும் வரேன்."

இவர் முன்னால் போனதும் அக்கா என்னைப் பிடித்து நிறுத்தினார். "போன தடவ ஷூவ யாரு கழட்டுனது?"

நான்தான். டாக்டர்கள் கழற்றச் சொல்வார்கள் என்று, உள்ளே போவதற்கு முன்பே வராந்தாவில் குந்தி உட்கார்ந்து நாடாவை அவிழ்த்துக் கழற்றிவிட்டேன். உள்ளே போய் அவர் கஷ்டப்படக் கூடாதே என்று.

"இந்தத் தடவ நீ தொடக் கூடாது" என்றார்.

ரயிலில் போனோம். வழியெல்லாம் அக்கா புகார். ஜன்னல் மூடவில்லை, டீயில் சர்க்கரை இல்லை, கால் வீங்குகிறது. நடுவில் நான் கேட்டேன், "நீங்களும் கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே அக்கா?"

"போயி? உம் புருஷன இன்னிக்கி அங்க கொண்டுபோயி நிறுத்தறோம். செத்தவன எந்த போர்டு முன்னாடி நிறுத்தறது?" என்றார். அப்புறம் செங்கல்பட்டு வரும்வரை பேசவில்லை. அவர் அவ்வளவு நேரம் வாயை மூடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

போர்டு நடந்த அறைக்குக் கதவு திறந்தே இருந்தது. ஒரு பச்சைத் திரை தொங்கியது, ஓரத்தில் இடைவெளி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தால் உள்ளே தெரியும். இவர் போய்க் குதிகாலைச் சேர்த்து நின்றார். நடுவில் இருந்த கண்ணாடி போட்ட கர்னல், பேப்பரைப் பார்த்தபடியே ஏதோ கேட்டார். "நோ ப்ராப்ளம் சார்." கர்னல் தலையை நிமிர்த்தாமலே கட்டிலைக் காட்டி ஷூவைக் கழற்றச் சொன்னார்.

இவர் குனிந்தார். கை முழங்கால் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. போன தடவை அந்த அளவு போதுமாக இருந்திருக்கும், நாடாவுக்கு அது எட்டவில்லை. நிமிர்ந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் போடப் பார்த்தார். கால் வரவில்லை. ஒரு ஷூவின் முனையால் இன்னொரு ஷூவின் குதியை மிதித்துத் தள்ளினார். நாடா இறுக்கிக் கட்டியிருந்தது. அசையவில்லை. சட்டை முதுகில் ஒட்டியது. நான் எழுந்துவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் சதையில் பதிந்தது.

"உக்காரு."

"விடுங்கக்கா."

"போவாத. நீ போனா எல்லாம் போச்சு."

ஒரு மனுஷன் தன் ஷூவோடு மல்லுக்கட்டுவதை அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கர்னல் இப்போதுதான் பேப்பரிலிருந்து கண்ணை எடுத்தார். மறுபடி ஏதோ கேட்டார். இவர் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியாமல் உட்கார்ந்தார். அப்புறம் தமிழில் சொன்னார்.

"முடியல சார்."

அங்கே இருந்த மூன்று டாக்டரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனால் மூவருமே பேனாவைக் கீழே வைத்தார்கள். அதற்குப் பிறகு இவர் இந்தியில் பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. முதுகைத் தொட்டுக் காட்டினார், காலைத் தொட்டுக் காட்டினார், இடுப்புயரத்தில் கையை வைத்து எங்கள் பையனின் உயரத்தைக் காட்டினார். அங்கே வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பையன் வந்து ஷூவைக் கழற்றிவிட்டான். கழற்றும்போது இவர் அந்தப் பையனைப் பார்க்கவில்லை. பேசிக்கொண்டேதான் இருந்தார். அப்புறம் என்னையும் உள்ளே கூப்பிட்டு வீட்டில் எப்படி என்று கேட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன்.

ஆர்டர் பிறகு வந்தது. முப்பது சதவீதம், பட்டாள வேலையால் ஏற்பட்டது என்று. பென்ஷன் வந்தது, வந்துகொண்டிருக்கிறது. இதை எங்கள் வீட்டில் சாமி கொடுத்தது என்று மாமியார் சொல்வார். நான் மறுத்துப் பேசுவேன். அக்கா சில வருஷம் கழித்து மகளோடு இருக்கத் திருப்பூர் போய்விட்டார். அங்கே மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது என்று போனில் புகார் சொன்னார்.

ஆர்டர் வந்த நாள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. போர்டு முடிந்து அறையை விட்டு வெளியே வந்த நேரம்தான் நினைவிருக்கிறது.

வராந்தாவில் அடுத்து உள்ளே போக ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். வடக்கத்திப் பையன், மீசை இன்னும் சரியாக வளரவில்லை. யூனிபாரம் விறைப்பாக இருந்தது. பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. ஒரு காலில் மட்டும் பாரத்தைப் போட்டு நின்றான். அக்கா அவனிடம் போனார்.

"எங்கப்பா வலிக்குது? இடுப்பா? முட்டியா?"

அவனுக்குப் புரியவில்லை. "நோ ப்ராப்ளம், மாஜி" என்று சிரித்தான். மாஜி என்றால் அம்மா.

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, அய்யோ அய்யோ என்று அந்த வராந்தாவில் நொண்டி நடந்து காட்டினார். திரும்பி அறையைக் காட்டி, வாயைக் காட்டி, உள்ளே போய் இப்படிச் சொல்லு என்றார். காத்திருந்த மற்ற பட்டாளத்துக்காரர்கள் சிரித்தார்கள். அந்தப் பையனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அவனிடம் போனார். தன் முதுகைக் காட்டி, உள்ளே இருந்த கட்டிலைக் காட்டி, இந்தியில் நிறைய நேரம் பேசினார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருத்தர் எழுந்து கிட்டே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னத அப்பிடியே சொன்னியா?" என்றார் அக்கா.

"கூடக் கொஞ்சம் சேத்து சொன்னேன்க்கா."

"என்னா சேத்த?"

"நான் போன தடவ என்னா பண்ணேன்னு."

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பையன் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டு போனான். பூட்ஸ் குதிகால் சேர்கிற சத்தம் கேட்டது. கர்னலின் கேள்வி கேட்டது. அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"வாங்கக்கா, ரயிலு போயிடும்" என்றேன்.

அக்கா அசையவில்லை. உள்ளே மெதுவாக ஒரு குரல் ஆரம்பித்தது. விட்டு விட்டு வந்தது, அப்புறம் விடாமல் வந்தது.

"என்னா சொல்றான்?" என்று இவரைக் கேட்டார்.

இவர் திரைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மொதல்லேர்ந்து சொல்றான்க்கா. எந்த எடத்துல உழுந்தான்னு."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். "அடுத்த ரயிலுக்குப் போவோம். அவன் சொல்லி முடிக்கட்டும்" என்றார்.